அஞ்சலாட்சி பேருல ஒரு கணக்கு

பேங்குக்கா சார் போறீங்க? இல்ல, கையில பிளாஸ்டிக் கவரு, உள்ள ரெண்டு போட்டோ, ஆதார் ஜெராக்ஸு, பேன் கார்டு ஜெராக்ஸு, எல்லாத்துலயும் குறுக்கால கையெழுத்து. பாத்ததுமே தெரிஞ்சி போச்சி. புதுக் கணக்கு தான? நெனச்சன். மத்தியானச் சோத்துக்கு வந்துடறன்னு வூட்ல சொல்லிட்டு வேற வந்திருப்பீங்க. சந்தோசமாப் போங்க சார். நானும் பிப்ரவரி மாசம் அப்பிடித்தான் சந்தோசமாப் போனன். கணக்கு தொறக்கறப்ப மாங்கா சீசனே முடிஞ்சி போச்சி.

கொஞ்சம் நவுந்து உக்காருங்க, சொல்றன். பஸ்ஸு பண்ருட்டி போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆவும், நீங்களும் சும்மாதான உக்காந்திருக்கப் போறீங்க.

எம் பேரு கலியமூர்த்தி. மனை புரோக்கர். இந்த வட்டாரத்துல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. பத்திரம், பட்டா, சிட்டா, வில்லங்கம், எந்தக் காயிதத்தக் காட்டுனாலும் நின்ன எடத்துலயே நல்லது கெட்டது சொல்லிடுவன். இப்ப தொழிலு கொஞ்சம் டல்லு. போன வருசம் ஒரு மனை முடிஞ்சிது. அதுக்கு மொத வருசம் முடியல. அதுக்கும் மொத வருசம் முடியற மாதிரி இருந்துச்சி. ஆனா டீக்கடைக்குக் காலையில ஏழு மணிக்குப் போயிடுவன் சார், ஒரு நாள் தவற மாட்டன். பார்ட்டி எப்ப வருவான்னு யாரு கண்டா.

கணக்கு எனக்கில்ல, எங்க வூட்டுக்காரிக்கு. அஞ்சலாட்சின்னு பேரு. வேலை வெட்டின்னு ஒண்ணும் கெடையாது, வூட்லதான் இருக்கறா. பொழுது போகணுமில்ல, அதனால முந்திரிக் கொட்டை ஒடைக்கிறா. கம்பெனிக்காரன் மூட்டையா எறக்கிட்டுப் போவான், இவ காலையில நாலு மணிக்கு உக்காந்தான்னா பத்து வரைக்கும் ஒடைப்பா, அப்பறம் சோறாக்கிட்டு மறுபடியும் இருட்டுற வரைக்கும் ஒடைப்பா. வாரா வாரம் கிலோக் கணக்குக்குக் கூலி குடுப்பான். சில்லறைக் காசு சார். வூட்டுச் செலவு, கரண்டு பில்லு, பொண்ணு படிப்பு, என் டீக்கடை பாக்கி, அவ்ளோதான் அதுல ஆவும். மிச்சம் மீதி குடும்பத்த நான் பாத்துக்கறன்.

தை முடிஞ்சி கம்பெனிக்காரன் வந்து ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். இனிமே கூலி கையில கெடையாதாம், பேங்குலதான் போடுவானாம், அதுவும் யாரு ஒடைக்கிறாங்களோ அவங்க பேருல கணக்கு இருந்தாத்தானாம். கணக்கு தொறக்குற வரைக்கும் அவனே வெச்சிருப்பானாம். எங்கிட்ட ஒரு கணக்கு இருக்குதே, அதுல போடேன்னன். நீ ஒடைக்கிறியான்னு கேட்டான். வாய் ஜாஸ்தி அவனுக்கு.

இங்கதான் ஒரு சிக்கலு. எம் பொண்ணு மோனிஷா ப்ளஸ் டூ முடிக்கிறா. நர்சிங் சேரணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா. சீட்டும் கெடைக்கிற மாதிரி இருந்துச்சி. ஜூன் பதினஞ்சுக்குள்ள மொதத் தவணை கட்டணும், கட்டலன்னா அந்த சீட்டு அடுத்த பொண்ணுக்குப் போயிடும். அஞ்சலாட்சி அந்தக் கூலியத்தான் நம்பிக்கிட்டு இருந்தா. எனக்கு வேற ஒரு யோசனை. என் வண்டி மெக்கானிக்கு கடையில அஞ்சு மாசமா நிக்குது, இஞ்சின் வேலை. வண்டி இல்லாத புரோக்கரை எவன் சார் மதிப்பான்? மொதல்ல வண்டிய எடுத்தா நாலு மனை முடிப்பன், பொண்ணை அடுத்த வருசம் நர்சிங் என்னா, டாக்டருக்கே படிக்க வெப்பன். இத அவகிட்ட எடுத்துச் சொன்னன். அவ எதுத்தெல்லாம் பேச மாட்டா. மொதல்ல கணக்கு தொறக்கட்டுங்கன்னா. சரின்னுதான் அர்த்தம் அதுக்கு.

மொத நாளு நான் மட்டும்தான் போனன். அவ எதுக்குங்க? படிக்காதவ, கூட்டத்தப் பாத்தா மெரளுவா. எல்லா காயிதமும் எங்கிட்டதான் இருக்கு. காலையில பத்து மணிக்குப் போயி வாசல்ல ஒரு பொட்டி மாதிரி இருக்கும் பாருங்க, அதுல டோக்கன் எடுத்தன். எண்பத்தி ஏழு. உள்ள போர்டுல பன்னெண்டு ஓடுது. பரவால்லன்னு உக்காந்தன். பாரம் நாலு பக்கம், எல்லாம் கட்டம் கட்டமா, ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து. நான் எத்தினி பத்திரம் பாத்தவன், மளமளன்னு ரொப்பிட்டன். அவ கையெழுத்து போட வேண்டிய எடத்துல நானே போட்டுட்டன். அவ போட்டாக்கூட அவ்ளோ அழகா வராது.

ஒரு மணி இருக்கும், எண்பத்தி நாலு வந்துச்சி. எந்திரிச்சி சட்டையெல்லாம் இழுத்து வுட்டுக்கிட்டன். எண்பத்தி அஞ்சு. டக்குனு கண்ணாடிக்கு அந்தாண்ட ஒரு பலகையச் சாச்சிட்டு எல்லாரும் சாப்புடப் போயிட்டாங்க. ரெண்டரைக்கு வந்தாங்க. வந்ததும் சர்வர் படுத்துடுச்சி. இந்த சர்வரு இருக்கே சார், நம்ம ஊரு கரண்டு மாதிரி, நம்ம மொறை வர்றப்பதான் போவும். நாலு மணிக்கு ஒரு சின்னப் பொண்ணு, ஜெனிஃபர்னு சட்டையில பேரு குத்தியிருக்கு, நாகர்கோயில் பக்கமாம், பாரத்த வாங்கிப் பாத்துட்டு, அம்மா எங்கன்னு கேட்டுச்சி. எந்த அம்மாங்கன்னன். கணக்கு யாருக்கோ அவங்க எங்கன்னுச்சி. வூட்ல இருக்கா, நான் அவ வூட்டுக்காரரு, எதுவா இருந்தாலும் எங்கிட்ட கேளுங்கன்னன். கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல, ஆளு வரணும்னு பாரத்த ரெண்டாக் கிழிச்சிடுச்சி. அவ்ளோ அழகான கையெழுத்து.

ரெண்டாவது நாளு கூட்டிக்கிட்டுப் போனன். எதுவும் பேசாத, நான் பாத்துக்கறன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே போனன். அன்னிக்கி டோக்கன் நாப்பத்தி மூணு. சந்தோசமா இருந்துச்சி. ஜெனிஃபர் அவ ஆதாரைத் திருப்பிப் பாத்துட்டு, இது நெய்வேலி பக்கத்து அட்ரசால்ல இருக்கு, அப்பா பேரு இருக்கு, இப்ப இருக்கற வூட்டு அட்ரஸ் வேணும்னுச்சி. ஏன் மாத்தலன்னு எங்கிட்ட ஒரு கேள்வி. ஆதார் எடுத்தப்ப இவ அவங்க அப்பா வூட்டுக்குப் போயிருந்தா, அங்கயே எடுத்துட்டா. கல்யாணமாயி இருவத்தி ரெண்டு வருசம், அவ எங்க போயிடப் போறான்னு மாத்தல. ஊருக்கே பட்டா மாத்திக் குடுக்கற ஆளு நான், சொந்தப் பொண்டாட்டி அட்ரச மாத்த மறந்துட்டன்னு அங்க சொல்ல முடியுமா. இத மாத்த வேண்டியது கவர்மெண்டு வேலை, எங்கிட்ட வந்து கேக்கறீங்கன்னு ஒரு போடு போட்டன். பின்னாடி நின்ன நாலு பேரும் தலையாட்டுனாங்க. ஆனா பாரம் நகரல.

அட்ரசு மாத்த ரெண்டு மாசம். வி.ஏ.ஓ கையெழுத்துக்கு நாலு நடை, அவரு ஜமாபந்தின்னுவாரு, மீட்டிங்குன்னுவாரு, நான் போறப்பதான் அவருக்கு ஊருல இருக்கற சாவெல்லாம் வரும். அப்பறம் ஈ சேவை மையம், அங்க ஒரு டோக்கன். போட்டோ எடுக்கறப்ப காது தெரியலயாம், மறுபடியும் எடுத்தாங்க. பேங்குல சேத்து வெக்கிறது காசா காதான்னு கேட்டன். யாரும் சிரிக்கல.

அந்த ரெண்டு மாசமும் கூலி கம்பெனிக்காரன் கையில. வூடு எப்பிடி ஓடுச்சின்னு கேக்கறீங்களா? எனக்குத் தெரியாது சார், அது அவ டிபார்ட்மெண்டு. மூணு வேளையும் சோறு வந்துச்சி. அவ காதுல இருந்த தோடு ஒரு நாளு காணல, எங்கன்னன், கழட்டி வெச்சிருக்கன்னா. பத்திரமா வெச்சிக்கன்னு சொன்னன்.

மூணாவது வாட்டி ஏப்ரல் கடைசியில போனம். எல்லா காயிதமும் பக்காவா இருக்கு. போட்டோல ரெண்டு காதும் தெரியுது. ஜெனிஃபர் எல்லாத்தையும் பாத்துட்டு, சரிங்க, வெரல வைங்கன்னுச்சி. சின்னதா ஒரு மிஷினு, மேல கண்ணாடி. அஞ்சலாட்சி கட்டை வெரல வெச்சா. செவப்பு லைட்டு. ஆள்காட்டி வெரலு, செவப்பு. நடு வெரலு, செவப்பு. ஈரத்துணிய வெச்சி தொடச்சாங்க, காயிதத்தால தொடச்சாங்க, செக்யூரிட்டி வந்து அவரு பங்குக்கு, அழுத்தி வைம்மா, மெதுவா வைம்மான்னு யோசனை சொன்னாரு. பத்து வெரலும் செவப்பு. ஆதார் எடுத்தப்ப இருந்துச்சேன்னுச்சி அந்தப் பொண்ணு. அது பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடிங்கன்னன். என்னா வேலை செய்யறாங்கன்னு கேட்டுச்சி. நான் சொன்னன், வேலையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, வூட்லதான் சும்மா இருக்கா.

அந்தப் பொண்ணு எழுந்து வந்து இவ கையப் புடிச்சி, டியூப்லைட்டுக்கு நேராத் திருப்பி வெச்சிப் பாத்துச்சி. நானும் பாத்தன். சார், இருவத்தி ரெண்டு வருசமா அந்தக் கையிலதான் சோறு வாங்கித் திங்கறன். அன்னிக்கித்தான் பாத்தன். ரேகைன்னு ஒண்ணு இல்ல. கருப்பா, வழவழன்னு, நுனியெல்லாம் வெந்து போயி ஆறுன மாதிரி. முந்திரிக் கொட்டை ஓட்டுல ஒரு எண்ணெ இருக்கும், பட்ட எடத்துல தோலை உரிச்சிடும். சாம்பலத் தொட்டுக்கிட்டுத்தான் ஒடைப்பா, இருந்தாலும் எவ்ளோ நாளைக்குத் தாங்கும். நானும் ஒரு வெரலத் தொட்டுப் பாத்தன்.

அப்பறம் கோவம் வந்துச்சி. பேங்குல வேலை இருக்குன்னு தெரியுதில்ல, இப்பிடியா ஒருத்தி கையக் கெடுத்து வெச்சிக்குவா?

வெரல் வெச்சாத்தான் கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போவுமாம். அதுக்கு என்னா வழின்னு நானும் ஜெனிஃபரும் பேசிக்கிட்டு இருக்கறம், இவ நடுவுல, ரேசன் கடையிலன்னு என்னமோ ஆரம்பிச்சா. பேங்குல வந்து ரேசன் கடைப் பேச்சு. சும்மா இரு, பேசிக்கிட்டு இருக்கமில்லன்னன். திரும்பியும், இல்லங்க, ரேசன் கடையிலன்னா. அரிசி நாளைக்கி வாங்கிக்கலாம், வாய மூடிக்கிட்டு இருன்னு கொஞ்சம் அதட்டித்தான் சொன்னன். நாலு பேரு முன்னாடி நமக்குன்னு ஒரு மரியாத இருக்கில்ல.

ஜெனிஃபர் சொல்லுச்சி, ஒரு இருவது நாளு கொட்டையத் தொடாதீங்க, சோப்பு, மொளகாத்தூளு, சாம்பலு எதையும் தொடாதீங்க, ராத்திரியில தேங்காண்ணெ தடவுங்க, ரேகை திரும்ப மொளைக்கும். அதாவது என்னான்னா சார், கூலி வாங்கறதுக்குக் கணக்கு தொறக்கணும், கணக்கு தொறக்கறதுக்குக் கூலி வேலைய வுடணும். பேங்குக்காரங்க எவ்ளோ மூளையா யோசிக்கிறாங்க பாருங்க.

அந்த இருவது நாளு நான் பட்ட பாடு இருக்கே. பாத்திரம் யாரு கழுவறது? நான்தான் கழுவுனன். ரெண்டு நாளு. அப்பறம் இடுப்பு புடிச்சிக்கிச்சி, மோனிஷா கழுவுனா. பரிச்சை முடிஞ்சி சும்மாதான இருக்கா. தொவைக்கறது, மொளகா அரைக்கறது, வாசல் தெளிக்கறது, ஒரு வூட்ல எத்தினி வேலை இருக்குதுன்னு அப்பத்தான் எனக்கே தெரிஞ்சிது. இத்தினி நாளா யாரு செஞ்சாங்கன்னு நெனைக்கறப்ப ஆச்சரியமா இருந்துச்சி. தினமும் காலையில அவ கையப் புடிச்சி வெளிச்சத்துல வெச்சிப் பாப்பன். ஒண்ணு ரெண்டு கோடு வந்துச்சா, வரலியான்னு. கல்யாணமான புதுசுல கூட நான் அவ கைய அத்தினி வாட்டி புடிச்சதில்ல. மொத நாளு அவ வெக்கப்பட்டா. நாலாவது நாளு, என்னா, சோறு வெந்துச்சான்னு பாக்கற மாதிரி பாக்கறீங்கன்னு கேட்டா. சிரிச்சிட்டம் ரெண்டு பேரும். நல்லாத்தான் சார் இருந்துச்சி அந்த நாளெல்லாம். ஆனா காசு இல்ல.

மே மாசக் கடைசியில திரும்பப் போனம். பொண்ணுக்கு சீட்டு கெடைச்சிடுச்சின்னு போன் வந்துடுச்சி, பதினஞ்சாந் தேதி கெடு. அஞ்சலாட்சி சாமி கும்புட்டுட்டு வந்தா. கட்டை வெரலு, செவப்பு. ஆள்காட்டி, செவப்பு. இடது கை சுண்டு வெரலுக்கு மட்டும் ஒரு வாட்டி பச்சை வந்துச்சி, நாங்க எல்லாரும், செக்யூரிட்டி உள்பட, ஆன்னு வாயத் தொறந்தம், அதுக்குள்ள சர்வர் படுத்துடுச்சி. அது எழுந்ததும் சுண்டு வெரலும் செவப்பு.

ஜெனிஃபர் தலையில கைய வெச்சிக்கிட்டு உக்காந்துடுச்சி. நான் டோக்கன் சீட்டக் கசக்கிக்கிட்டு இருக்கன். அப்பத்தான் இவ, என்னக் கேக்காமயே, அந்தப் பொண்ணுகிட்ட சொல்றா, ஏம்மா, ரேசன் கடையில ரெண்டு வருசமா எனக்கு வெரலு வேலை செய்யறதில்லம்மா, அங்க கண்ணப் பாக்குற மிஷின வெச்சிப் பாத்துதான் அரிசி போடறாங்க, உங்ககிட்ட அந்த மாதிரி கண்ணு பாக்குறது எதுவும் இல்லியா.

ஜெனிஃபர் நிமிந்து பாத்துச்சி. இருக்கும்மா, அத ஏம்மா மொதல்லயே சொல்லலன்னுச்சி. இவ என்னைப் பாத்தா. எதுக்கு என்னப் பாக்கறான்னு எனக்கு இன்னி வரைக்கும் புரியல. கேக்க வேண்டியது யாரு சார்? பேங்குதான? வெரலு வரலன்னா கண்ணு இருக்குன்னு அவங்கதான சொல்லணும். ஒரு மாசம் வீணாப் போச்சி, எல்லாம் அந்தப் பேங்கோட அலட்சியம். நானே ஒரு புகார் எழுதி அங்க இருந்த புகார்ப் பொட்டியில போட்டன். பொட்டி ஏற்கனவே ரொம்பியிருந்துச்சி, பாதிதான் உள்ள போச்சி.

கண்ணு மிஷினு பீரோவுல இருந்துச்சி. பீரோ சாவி யாருகிட்டன்னா, மார்ச்சுல சேலத்துக்கு மாத்தலாயிப் போன ஒருத்தருகிட்ட. அவரு தெரியாத்தனமா சட்டைப் பையிலயே கொண்டு போயிட்டாராம். கூரியர்ல வர ஒரு வாரம். இதெல்லாம் நான் கதை கட்டுறன்னு நெனைக்காதீங்க, போயி நீங்களே அந்த செக்யூரிட்டியக் கேளுங்க.

ஜூன் எட்டாந் தேதி சாவி வந்து மிஷினு வெளிய வந்துச்சி. இவ கண்ணத் தொறந்து வெச்சா, ஒரே வாட்டி, பச்சை. நாலு மாசம் நாயா அலைஞ்சது, நாலு நொடியில முடிஞ்சிது.

முடிஞ்சிதுன்னு பாத்தா, ஜெனிஃபர் கேள்வி கேக்க ஆரம்பிச்சிது. அவளத்தான் பாத்துக் கேட்டுச்சி, என்னப் பாக்கல. உங்க பேருல மட்டுமா, இல்ல ஜாயிண்டா? நான், ஜாயிண்டுங்கன்னன். அந்தப் பொண்ணு, அம்மா சொல்லட்டுங்கன்னுச்சி. இவ, எம் பேருல மட்டும் போதும்மான்னா. வாரிசு யாருன்னா, பொண்ணுன்னா. போன் நம்பரு? நான் என் நம்பரச் சொல்ல வாயெடுத்தன், இவரு போன்ல எப்பவும் சார்ஜ் இருக்காதும்மா, பொண்ணு நம்பரு போட்டுக்கன்னா. அது வாஸ்தவந்தான், டீக்கடையில சார்ஜ் போட எடமில்ல. மத்ததெல்லாம் பயத்துல உளறிட்டா சார். பேங்குன்னா அவளுக்குக் கை காலு ஒதறும், என்ன கேட்டாங்கன்னே புரிஞ்சிருக்காது. வெளிய வந்ததும் கேட்டன், ஏன்டி ஜாயிண்டுன்னு சொல்லலன்னு. தெரியாமச் சொல்லிட்டன்னா. பாவம், படிக்காதவ, என்னா பண்றது.

பன்னெண்டாந் தேதி கம்பெனிக்காரன் அத்தினி கூலியையும் போட்டுட்டான். நான் மெக்கானிக்குக்குப் போன் போட்டு, வண்டியத் தொடச்சி வையின்னு சொல்லிட்டன். ஏ.டி.எம் கார்டு வந்திருந்துச்சி. நம்பரச் சொல்லுன்னன். மறந்துட்டன்னா. நாலு நம்பரு சார். நாலே நம்பரு. பொண்ணக் கேட்டன், அம்மாதான் தனியா நின்னு போட்டாங்க, எனக்குத் தெரியாதுன்னா. சரி, மொளகாத்தூள் டப்பாவுக்குப் பின்னாடி இருந்து கார்ட எடுத்துக்கிட்டு நானே போனன். என் பொறந்த வருசத்தப் போட்டுப் பாத்தன், இல்ல. என் வண்டி நம்பரு, இல்ல. கல்யாண வருசம் போடலாம்னு பாத்தா ரெண்டாயிரத்தி ஒண்ணா ரெண்டான்னு ஒரு கொழப்பம். போட்டன், கார்டு அன்னிக்கி முழுக்க வேலை செய்யாதுன்னுடுச்சி.

மறுநாளு நான் டீக்கடையில இருந்து வர்றன், வூடு பூட்டியிருக்கு. சாயங்காலமா அம்மாவும் பொண்ணும் வர்றாங்க. காலேஜுல தவணை கட்டியாச்சாம், மோனிஷா கையில ரசீது, நாலா மடிச்சி நெஞ்சோட வெச்சிக்கிட்டு நிக்கறா. நம்பரு மறந்துட்டன்னியே, எப்பிடிக் கட்டுனன்னு கேட்டன். கவுண்டர்ல கேட்டன், குடுத்தாங்கன்னா. கேட்டாளாம், குடுத்தாங்களாம். எனக்கு நாலு மாசம் தண்ணி காட்டுன பேங்கு சார், இவ ஒத்த வார்த்தை கேட்டதும் எடுத்துக் குடுத்திருக்கு. அந்த ஜெனிஃபருக்கு ஆம்பளைங்கன்னாலே ஆவாது போல இருக்கு.

கோவமாத்தான் இருந்துச்சி. ஆனா அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தன் பாருங்க. அப்பிடி ஒரு சிரிப்ப அது பொறந்ததுல இருந்து நான் பாத்ததில்ல. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சி. சரி, பெத்த பொண்ண நானே படிக்க வெச்ச மாதிரிதான்னு வுட்டுட்டன்.

அதுல இருந்து ஒரு மாசமா இதே கதைதான். வெள்ளிக்கெழம கூலி விழும், சனிக்கெழம பால்காரனுக்குக் குடுக்கறா, மளிகைக் கடைக்குக் குடுக்கறா, போன வாரம் தோடு கூட காதுல இருந்துச்சி. அப்பெல்லாம் நம்பரு ஞாபகம் வந்துடுது. நான் கேக்கறப்ப மறந்துடுது. வெயில்ல உக்காந்து கொட்டை ஒடைச்சி ஒடைச்சி மூளை சூடாயிடுச்சோன்னு எனக்குப் பயம். வல்லாரைக் கீரை வாங்கிக் குடுத்துக்கிட்டு இருக்கன். சாப்புடறா, நல்லாத்தான் இருக்குங்கறா, மறதி மட்டும் கொறையல.

அதுக்குத்தான் சார் இன்னிக்கிப் போறன். அவளால இனிமே முடியாது, பேங்கு வெவகாரத்த என் பொறுப்புல வுடுங்கன்னு ஒரு லெட்டரு எழுதியிருக்கன். கீழ அவ கையெழுத்தும் போட்டாச்சி, நான்தான் போட்டன், அவளுக்கு அதிகமா எழுத வராது. பாருங்களேன், எப்பிடி இருக்குன்னு. கெட்டியாப் புடிச்சிக்குங்க, காத்துல பறந்துடப் போவுது.

அவளையும் வரச் சொன்னன். பொம்பளைங்களுக்குத்தான் டவுன் பஸ்ஸுல டிக்கெட்டு கெடையாதே, வந்தா செலவா ஒண்ணா. ரெண்டு மூட்டை எறக்கிட்டுப் போயிருக்கான், நீங்க போயிட்டு வாங்க, அந்த ஜெனிஃபர் பொண்ணு இருக்கும், நான் கேட்டதாச் சொல்லுங்கன்னா. தடுக்கவே இல்ல சார். வேற எவளாவது இருந்தா, எதுக்கு லெட்டரு, என்னா லெட்டருன்னு ஆயிரம் கேள்வி கேப்பா. இவ மடியில இருந்து எடுத்து, எண்ணிப் பதினாலு ரூவா குடுத்தா. டிக்கெட்டு பதினாலு ரூவாதான், அதெல்லாம் கணக்கா வெச்சிருப்பா. வர்றதுக்குன்னன். பேங்குக்குத்தான போறீங்க, அங்க எடுத்துக்குங்கன்னு சொல்லிட்டுத் திரும்பவும் கொட்டை ஒடைக்க உக்காந்துட்டா.

எம்மேல எவ்ளோ நம்பிக்கை பாத்தீங்களா.

ஸ்டாப்பிங் வந்துடுச்சி, எந்திரிங்க சார். நீங்க எத்தினி மணிக்குத் திரும்புவீங்க?